காகிதத்தில் நிற்காத சொல்

செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, அந்த அலுவலகத்தில் இருந்த இருபத்தேழு உறுதிமொழிப் பத்திரங்களிலிருந்து 'அல்ல' என்ற சொல் மட்டும் கழன்று கீழே விழுந்தது. சத்தம் பெரிதாக இல்லை. கடுகு சிந்தியதுபோல் இருந்ததாகத் தட்டச்சு அம்மாள் பிறகு விசாரணையில் சொன்னாள். பெருக்குகிற பெண் கூட்டி அள்ளினாள். ஒரு கைப்பிடி தேறியது. பத்திரங்களில் மிச்சமிருந்தது 'நான் கிறிஸ்தவன்' என்பது மட்டும். அதற்குக் கீழே கையெழுத்து, தேதி, அலுவலக முத்திரை, எல்லாம் சுத்தமாக.

பத்திரங்கள் வந்த கதை சிறியது. கடைத்தெருவில் ஒரு தையல்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் மெஷின்களை ஓரம்கட்டிவிட்டு, தன்னோடு சேர்த்து முப்பத்தொரு பேராக வீட்டு முன்னறையில் ஜெபம் நடத்திவந்தார். பதினெட்டு வருஷம் அது யாரையும் உறுத்தவில்லை. அந்த வருஷம் உறுத்தியது. ஆட்களை மதம் மாற்றுகிறார் என்று ஒரு புகார். புகாரின் மை காய்வதற்குள் ஒரு கூட்டம். பெஞ்சுகளை உடைத்தார்கள், வேதப்புத்தகங்களைச் சாக்கடையில் எறிந்தார்கள், தையல்காரரின் இடது கையை முறித்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் போட்டிருந்த சட்டை அவர் தைத்தது. போலீஸ் வந்து, உடைத்தவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, உடைந்த வீட்டுக்கு அரக்கு சீல் வைத்தது. எதற்கெடுத்தாலும் ஓங்கி முத்திரை குத்துவதால் 'டமால்' என்று பெயர் வாங்கியிருந்த அதிகாரி, முப்பத்தொரு பேரையும் வரச்சொன்னார். 'நான் கிறிஸ்தவன் அல்ல' என்ற ஒரு வரியில் கையெழுத்துப் போட்டால் வேலைக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் ஆபத்தில்லை, போடாவிட்டால் ஜெயில். தையல்காரர் பத்திரத்தை இரண்டு தடவை படித்தார். "எல்லாம் கச்சிதமா இருக்கு சார். கடைசி வார்த்தை மட்டும் எனக்கு அளவு சரியா வரல" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அவரையும் மறுத்த இன்னும் மூன்று பேரையும் வேனில் ஏற்றினார்கள். மற்ற இருபத்தேழு பேரும் போட்டார்கள். முதலில் போட்டவர் தையல்காரர் மனைவியின் அண்ணன், தண்ணீர்த் தொட்டியில் பம்பு மெக்கானிக். அன்று மாலை தங்கை ஒதுங்கியிருந்த பக்கத்து வீட்டுக்கு வந்தபோது வசவு விழும் என்று காத்திருந்தார். அவள், "அண்ணே, சாப்டியா?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் மனுஷனுக்குத் தூக்கம் வந்திருக்கும்.

சொல் விழுந்ததும் டமால் மை விற்ற கடைக்காரரைக் கூப்பிட்டுக் கத்தினார். வேறு மை வந்தது, விழுந்தது. கம்ப்யூட்டரில் அடித்தார்கள், அச்சுப்பொறியின் வாயிலேயே உதிர்ந்தது. 'இல்லை' என்று மாற்றினார்கள். அதுவும் இறங்கிப் போனது. கடைசியில் பழைய தமிழாசிரியர் ஒருவரை வரவழைத்தார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, 'நான்' என்று வந்தால் 'அல்லேன்' என்றுதான் முடியவேண்டும், இலக்கணப் பிழையாக எழுதினால் சொல் எப்படி நிற்கும் என்று கடிந்துகொண்டார். டமாலுக்கு உயிர் வந்தது. இருபத்தேழு பத்திரமும் பிழையில்லாமல் மறுபடி தயாராயின. 'அல்லேன்' கொஞ்சம் நீளமான சொல் என்பதால் இந்த முறை இரண்டு கைப்பிடி வந்தது.

மெக்கானிக் பயந்துபோனார். தன் விசுவாசத்தை மறுத்து எழுதிய காகிதம் இப்போது தன் கையெழுத்தோடு தன்னையே காட்டிக்கொடுத்துக்கொண்டு இருக்கிறது. கிரீஸ் கையோடு ஓடிவந்து, தானாகவே கேட்டு, மூன்று தடவை புதிதாகப் போட்டுக் கொடுத்தார். மூன்றாவது 'அல்ல' அவர் செருப்பின் மேலேயே விழுந்தது. தட்டச்சு அம்மாள் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல், "நம்ம பாஷையில மறுப்பு கடைசியிலதானே சார் வருது. அதுவரைக்கும் எல்லாம் ஒத்துக்கிட்ட மாதிரிதான்" என்றாள். டமால் காகிதத்தைத் தலைமுழுகினார். வெள்ளிக்கிழமை மேலதிகாரி வருகிறார், அவர் முன்னால் வாயால் சொன்னால் போதும், செல்போனில் பதிவு செய்துகொள்கிறோம் என்றார்.

மெக்கானிக் வீட்டுக்குப் போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிப் பார்த்தார். 'அல்ல' கணீரென்று வந்தது. பல்லில்கூடத் தட்டவில்லை. இரண்டாம் தடவை இன்னும் தெளிவு. "யாரோட பேசறீங்க உள்ள?" என்று மனைவி கேட்டாள். "பம்போட" என்றார். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. காகிதம் அவருக்காகச் செய்ததை நாக்கு செய்யப்போவதில்லை. தங்கையிடம் போனார். அவள் கணவனுக்குக் கொண்டுபோக வேண்டிய துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். "நீ என்ன சொன்னாலும் எனக்கு அண்ணன்தான். அந்த உறவுக்கு எவனும் சீல் வைக்க முடியாது. ஆனா என்ன சொல்லணும்னு என்கிட்ட கேக்காத. உனக்குத் தெரியாததா?" என்றாள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணி. மேலதிகாரி, டமால், நீட்டிய செல்போன், வாசலில் எட்டிப் பார்க்கிற கூட்டம். மெக்கானிக் புதுச்சட்டை போட்டு வந்திருந்தார். தையல்காரர் கை முறிவதற்கு முந்தின வாரம் தைத்துக் கொடுத்தது அது. "நான் கிறிஸ்தவன்" என்றார். நிறுத்தினார்.

"ம், மீதியச் சொல்லுய்யா" என்றார் டமால்.

"அவ்வளவுதான் சார்."

"என்னய்யா அவ்வளவுதான்? வேலை போயிடும். தெரியுமில்ல?"

"தெரியும் சார். பம்புக்கு நட்டு போல்ட்டு மாத்தற நாள் வர்ற செவ்வாய். புது ஆள்கிட்ட சொல்லிடுங்க."

மத்தியானத்துக்குள் அவரும் ஜெயிலில் இருந்தார். தையல்காரர் பாயில் நகர்ந்து இடம் விட்டு, "வாங்க மச்சான். கொஞ்சம் லேட்டு" என்றார். மெக்கானிக் ஒரு மூச்சு அழுதுவிட்டு, பிறகு சாப்பிட்டார். எட்டு மாதம் இருந்தார்கள். மற்ற இருபத்தாறு பேரையும் கூப்பிட்டதில் இருபத்திரண்டு பேர் அதே இடத்தில் நிறுத்தினார்கள். ஜெயிலில் இடம் போதாமல் பாதிப் பேரை வீட்டுக்கே அனுப்பினார்கள். நான்கு பேர் முழுதாகச் சொன்னார்கள். அவர்களை யாரும் ஏளனம் செய்யவில்லை, அடுத்த வருஷம் மூன்று பேர் திரும்பி வந்தார்கள். வேலை போன மெக்கானிக் ஒரு தகரக் கொட்டகையில் மோட்டார் பழுது பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார்களை ஓரம்கட்டுகிறார்கள். இப்போது எழுபது பேர். கொட்டகையை இரண்டு முறை கொளுத்தினார்கள், இரண்டு முறையும் தகரத்தை நிமிர்த்திப் போட்டுக்கொண்டார்கள். டமால் மாற்றலாகிப் போனார். அவருக்குப் பின் வந்தவர் நடைமுறை தெரிந்தவர். அந்தச் சொல் நிற்காது என்பதைக் கோப்பில் குறித்து, படிவத்தில் 'நான் கிறிஸ்தவன்' என்பதற்குப் பிறகு கொஞ்சம் இடம் காலியாக விட்டு, அவரவர் கைப்பட நிரப்பவேண்டும் என்று உத்தரவு போட்டார். பெருக்குகிற பெண்ணுக்கு உதவியாக இன்னொரு பெண்ணையும் நியமித்தார். கூப்பிடப்படுகிறவர்கள் வரிசையில் வந்து, பேனாவை வாங்கி, அந்த இடத்தில் ஒரு முற்றுப்புள்ளி வைத்துவிட்டுப் போகிறார்கள். முற்றுப்புள்ளி இதுவரை ஒன்றுகூடக் கீழே விழவில்லை.