வெர்டெல் எழுந்து சொன்ன செய்தி

வெர்டெல் டாலிவருக்கு வாய் நீளம் என்பது பைன் ஃபெர்ரி ஊரில் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கரண்டி பிடிக்கிறாள். எந்த வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்பது அவளுக்கு மத்தியானச் சாப்பாட்டு மணிக்குள் தெரிந்துவிடும். ஆனால் பொய் மட்டும் சொல்ல மாட்டாள். அது தனக்குப் பிடிக்காது என்று அவளே பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறாள். அதனால்தான் மார்ச் மாதம் அவள் செய்த காரியத்துக்குப் பெயர் வைக்க அவளுக்கே தெரியவில்லை.

அவளுடைய ஒரே மகள் கியானா. மருத்துவக் கல்லூரிக்கு இரண்டாம் முறையாக விண்ணப்பித்திருந்தாள். போன வருடம் எல்லாக் கல்லூரிகளும் ஒரே குரலில் இல்லை என்றுவிட்டன. இந்த வருடம் மற்றவை கைவிரிக்க, மாநிலக் கல்லூரி மட்டும் நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. மார்ச் முதல் வாரம் பதில் வந்தது. கியானா அதைச் சமையலறையில் நின்றபடியே அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். இடம் தரவில்லை, மறுக்கவும் இல்லை, காத்திருப்போர் பட்டியலில் பெயரை வைத்திருக்கிறோம் என்று எழுதியிருந்தது. வெர்டெல் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டாள். புரியாமல் ஒன்றும் இல்லை.

வந்தது ஞாயிற்றுக்கிழமை. அவர்கள் தேவாலயத்தில் காணிக்கை எடுத்து முடிந்ததும், வீட்டில் நல்லது நடந்தவர்கள் எழுந்து சபைக்குச் சொல்லலாம். அன்றைக்கு முதலில் எழுந்தது சிஸ்டர் ஓடெல்; சபையில் பெண்களை 'சிஸ்டர்' என்றுதான் அழைப்பார்கள். தலையில் ஊதா நிறத் தொப்பி, அதில் பாதிப் பறவையின் இறகு. பேரன் கடற்படையில் விமானம் ஓட்டும் பயிற்சிக்குத் தேர்வாகிவிட்டானாம். சபை கை தட்டியது. ஓடெல் உட்காரும்போது ஓரக்கண்ணால் வெர்டெலை ஒரு பார்வை பார்த்தாள். முப்பது வருடமாக அவள் பார்க்கும் அதே பார்வைதான். வெர்டெலுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. தான் எழுந்துவிட்டோம் என்பது எழுந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

"என் மக கியானா பேரு மருத்துவக் கல்லூரி லிஸ்ட்ல வந்திருக்கு!" என்றாள்.

அவ்வளவுதான். சபை முழுக்க எழுந்து நின்றது. ஆர்கன் வாசிப்பவர் யாரும் கேட்காமலே வாசிக்க ஆரம்பித்தார். பாடகர் குழுவில் மெரூன் அங்கியோடு நின்றிருந்த கியானா வாயைத் திறந்தது திறந்தபடி இருந்தாள். வெர்டெல் அந்தப் பக்கமே திரும்பவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு மூன்று கேக் வந்தது. ஒன்றின் மேல் நீலச் சர்க்கரையில் 'டாக்டர் டாலிவர்' என்று எழுதியிருந்தது.

"ஏம்மா இப்படிப் பண்ணே?" கியானா கேக் பெட்டியைத் தள்ளி வைத்தாள்.

"நான் என்னடி பொய்யா சொன்னேன்? லிஸ்ட்ல பேரு இருக்குல்ல?"

"காத்திருக்கிறவங்க லிஸ்ட்மா அது! அந்த ஒரு வார்த்தைய எங்க விட்டே?"

"வாயில வரல."

"உனக்கா? உன் வாயில வராத வார்த்தை ஒண்ணு இருக்கா?" கியானாவின் கண் கலங்கிவிட்டது. "எடம் கிடைக்கலன்னா நாளைக்கு ஊரு உன்னையா பேசும்? என்னைத்தானே புளுகினவன்னு சொல்லும்! நீ சொன்னதை நீயே எடுத்துக்கோ. நான் ஒருத்தர்கிட்டயும் வாயத் திறக்க மாட்டேன்."

வெர்டெல் அடுத்த ஞாயிறு சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அடுத்த ஞாயிறு மழை. அதற்கடுத்த ஞாயிறு ஈஸ்டருக்கு ஒத்திகை. இப்படியே ஒன்றுக்கொன்று சாக்கு கிடைத்துக்கொண்டிருந்தது. அதற்குள் ஊர் கியானாவை டாக்டர் ஆக்கிவிட்டது.

காத்திருக்கிற காலத்தில் கியானா டயாலிசிஸ் நிலையத்தில் வேலை பார்த்தாள். சிறுநீரகம் போனவர்களுக்கு வாரம் மூன்று நாள், நாலு மணி நேரம், இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தப்படுத்தி ஏற்றுகிற இடம். அந்த வட்டாரத்தில் வீட்டுக்கு ஒருவராவது அங்கே போய்க்கொண்டிருப்பார்கள். பாதிச் சபையே அங்கேதான். சிஸ்டர் ஓடெலுக்கும் அங்கேதான் சிகிச்சை. மூன்றாம் நாற்காலியில் உட்காரும் ஹோசியா, மரம் அறுக்கும் ஆலையில் நாற்பது வருடம் உழைத்தவர், கியானா ஊசியோடு வந்தாலே, "டாக்டர் வந்துட்டாங்க, எல்லாரும் நிமிர்ந்து உக்காருங்க" என்பார். கியானா சிரித்துவைப்பாள். வீட்டுக்கு வந்ததும் அம்மாவை முறைப்பாள்.

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தபோது, வெர்டெல் மெல்லக் கேட்டாள்: "அந்த லிஸ்ட் எப்படித்தான்டி நகரும்? சொல்லேன்."

கியானா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "உன் கூடத்துல சாக்லேட் பால் வைக்கிறேல்ல? கெட்டிக்காரப் பசங்க முன்னாடியே வந்து ஆளுக்கு மூணு நாலு டப்பா தட்டுல எடுத்து வச்சுக்கிறாங்கன்னு வச்சுக்கோ. ஒருத்தனால ஒண்ணுதான் குடிக்க முடியும். இந்த மாசம் முப்பதாம் தேதிக்குள்ள ஒண்ண வச்சுக்கிட்டு மத்ததத் திருப்பி வச்சிடணும்னு அவங்களுக்கு விதி. அப்படித் திரும்பி வர்றதுதான் எங்களுக்கு."

"சரி, வரிசையில நீ எத்தனாவது?"

"வரிசையே கிடையாதும்மா. மூணு கும்பலா நிக்க வச்சிருக்காங்க. மேல, நடுவுல, கீழ. நான் நடுவுல. ஒரு எடம் காலியாச்சுன்னா, கும்பலைப் பார்த்து அந்த நேரத்துக்கு யாரு வேணும்னு தோணுதோ அவங்களக் கூப்பிடுவாங்க."

"இது என்னடி அநியாயம்! என் வரிசையில நான் இப்படிப் பண்ணினா பசங்க தட்டை எடுத்து என் தலையிலேயே போடுவானுங்க."

கியானாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏழு வாரத்துக்கப்புறம் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. "வகுப்பு ஆரம்பிக்கிற அன்னைக்குக் காலைல வரைக்கும் கூப்பிடலாம். கூப்பிடாமலே விட்டுடவும் செய்யலாம். நான் செய்ய வேண்டியது ஒண்ணுதான். வேற எங்கயும் போக மாட்டேன், கூப்பிட்டா நிச்சயம் வருவேன்னு கடிதம் எழுதிட்டேன். நம்ம வட்டாரத்துக்கே டாக்டரா திரும்பி வருவேன்னும் எழுதிட்டேன்."

வெர்டெலுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. இப்படி ஒரு கடிதம் எழுதத் தெரிந்தவளை எவன் விடுவான் என்று நினைத்தாள். மே மாதம் முழுக்க ஒருவனும் கூப்பிடவில்லை.

ஜூன் இரண்டாம் ஞாயிறு, படிப்பை முடித்த பிள்ளைகளைச் சபை கௌரவிக்கும் நாள். அச்சடித்த தாளில் கடைசிப் பெயர் கியானா டாலிவர், வருங்கால மருத்துவர். போதகர் ஸ்டால்வொர்த்தின் கையில் ஒரு நீளப் பெட்டி இருந்தது. உள்ளே அவள் பெயர் பொறித்த ஸ்டெதாஸ்கோப் என்று வெர்டெலின் காதுக்கு முன்தினமே வந்துவிட்டது. பாடகர் குழுவில் நின்ற கியானா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். கொடுத்தால் வாங்க வேண்டும். வாங்கினால் அவளும் பொய்க்காரி. வெர்டெல் மகளின் குனிந்த தலையைப் பார்த்தாள். அதற்குமேல் அவளால் உட்கார முடியவில்லை.

"போதகரே, அந்தப் பெட்டியக் கொடுக்காதீங்க."

விசிறிக்கொண்டிருந்த காகித விசிறிகள் எல்லாம் நின்றன.

"மார்ச்ல நான் எழுந்து சொன்னேனே, அது காத்திருக்கிறவங்க லிஸ்ட். எடம் இன்னும் கிடைக்கல. கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். எம்மக ஒரு பொய்யும் சொல்லல. பெருமை பிடிச்சுப்போய் நாந்தான் பாதிய முழுங்கிட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

முன்வரிசையிலிருந்து ஓடெலின் குரல் வந்தது. "செய்தியப் பாதி முழுங்கினவளுக்கு என் கேக்கு மட்டும் முழுசா எறங்கிச்சாக்கும்!"

சிரிப்பு வெடித்தது. வெர்டெலுக்கு முகம் நெருப்பாக எரிந்தது. நின்ற இடத்திலேயே தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது. அப்போதுதான் கியானா மேடையிலிருந்து இறங்கி, அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றாள். கையைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பு அடங்கி, போதகர் ஜெபத்தை ஆரம்பிக்கும்வரை விடவே இல்லை.

காரில் வரும்போது சொன்னாள்: "என்னால அப்படி எழுந்து சொல்லியிருக்க முடியாதும்மா. இன்னைக்கு உன்னைப் பார்த்தா எனக்குப் பெருமையா இருந்துச்சு."

வெர்டெல் வீடு வரும்வரை வாய் திறக்கவில்லை. அவள் வாழ்க்கையில் பன்னிரண்டு மைல் பேசாமல் வந்தது அதுதான் முதல் தடவை.

ஜூலை பதினெட்டு, வியாழக்கிழமை. பள்ளிக்கூடம் விடுமுறை. வெர்டெல் பின்கட்டு நிழலில் மடியில் கிண்ணத்தை வைத்துக்கொண்டு ஊதாத் தோல் பயற்றங்காய் உரித்துக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் ஊதாச் சாயம். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. தெரியாத எண் என்றால் அந்த ஊரில் யாரும் எடுப்பதில்லை. கார் இன்சூரன்ஸ் விற்கிறவனாக இருப்பான். இவள் மட்டும் அவனைத் திட்டுவதற்காகவே எடுப்பாள்.

ஒரு பெண் குரல், மாணவர் சேர்க்கை அலுவலகம் என்றது. கியானாவின் போன் எடுக்கப்படவில்லை, அவள் கொடுத்திருக்கும் இரண்டாவது எண் இது.

"நான் அவ அம்மா! எடம் கிடைச்சிருச்சா?"

"மன்னிக்கணும்மா, அவங்ககிட்ட மட்டும்தான் நான் பேசலாம். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள கூப்பிடச் சொல்லுங்க." கொஞ்சம் நிறுத்தி, அந்தக் குரல் மெல்லச் சேர்த்தது: "கட்டாயம் கூப்பிடச் சொல்லுங்கம்மா."

இல்லை என்று சொல்கிறவள் அப்படிச் சேர்த்துச் சொல்வாளா? வெர்டெல் எழுந்த வேகத்தில் கிண்ணம் கவிழ்ந்தது. வீட்டுச் செருப்போடு காரை எடுத்தாள்.

டயாலிசிஸ் நிலையத்து வரவேற்பில் இருந்த பெண், "கியானா ஊசி ஏத்திக்கிட்டிருக்காங்க, போன் லாக்கர்ல. இருபது நிமிஷம் ஆகும்" என்றாள். காத்திருப்போர் நாற்காலியில் போதகரின் மனைவி மார்வா உட்கார்ந்திருந்தாள். டயாலிசிஸுக்கு வருகிறவர்களைக் காரில் ஏற்றிவந்து விடுவது அவள் வேலை.

"என்ன சிஸ்டர் வெர்டெல், வீட்டுச் செருப்போட? யாருக்கும் ஏதாச்சுமா?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."

"முகமெல்லாம் வேர்த்திருக்கே?"

"வெயில்."

"கல்லூரியில இருந்து ஏதாவது..."

வெர்டெல் இரண்டு உதடுகளையும் உள்ளே இழுத்துக் கடித்துக்கொண்டாள். செய்தி தொண்டை வரை வந்து முட்டியது. சொன்னால் கை தட்ட ஆள் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் இது கியானாவின் செய்தி. ஒரு தடவை அதை அவள் வாயிலிருந்து பிடுங்கியாயிற்று. இரண்டாம் தடவை பிடுங்குகிறவள் தாய் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சுவரில் இருந்த கடிகாரம் அப்போதுதான் நடக்கப் பழகுவது மாதிரி நகர்ந்தது.

ஒருவழியாகக் கியானா வெளியே வந்தாள். நீல அங்கி, முகத்தின் முன்னால் கண்ணாடித் தடுப்பு. வெர்டெல் அவள் காதருகில் போய், "உன்னைக் கூப்பிடச் சொன்னாங்க. வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது" என்றாள். கியானா அம்மாவின் ஊதா விரல்களையும் செருப்பையும் பார்த்தாள். லாக்கரிலிருந்து போனை எடுத்துக்கொண்டு கார் நிறுத்துமிடத்துக்குப் போனாள்.

கண்ணாடி வழியே வெர்டெல் பார்த்துக்கொண்டிருந்தாள். மகளின் முதுகு மட்டும் தெரிந்தது. தலை ஒருமுறை ஆடியது. இன்னொரு முறை ஆடியது. பிறகு அவள் அந்த வெயிலில், காரின் சுடும் கதவின் மேல் சாய்ந்து, முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

உள்ளே வந்தபோது கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அம்மாவின் கையைப் பிடித்து, சிகிச்சைக்கு ஆட்கள் சாய்ந்திருக்கும் கூடத்தின் கதவுவரை கூட்டிப்போனாள். கதவைக் காலால் தள்ளித் திறந்து பிடித்தாள்.

"உள்ள வரக் கூடாது. இங்கயே நின்னு சொல்லு."

"என்னடி சொல்லணும்?"

"கிடைச்சிருச்சும்மா. நீயே சொல்லு. இந்தத் தடவை முழுசா சொல்லு."

ஆறு நாற்காலியிலும் ஆட்கள். ஒவ்வொருவரின் ஒரு கை இரண்டு ஊசியோடு அசையாமல் கிடக்க, குழாய்களில் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் வெர்டெலைப் பார்த்தார்கள். இரண்டு தடவை கனைத்துக்கொண்டாள்.

"என் மக கியானாவுக்கு மருத்துவக் கல்லூரியில எடம் கிடைச்சிருக்கு."

"அதைத்தான் மார்ச்லயே சொல்லிட்டியே!" என்றார் ஹோசியா.

"அன்னைக்கு லிஸ்ட்ல பேரு இருந்துச்சு. இன்னைக்கு அவளுக்கு நாற்காலி இருக்கு. யாரோ ஒரு புண்ணியவான் திருப்பி வச்சிட்டான். ரெண்டு வாரத்துல வகுப்பு."

அவர்களால் எழுந்து நிற்க முடியாது. கை தட்டவும் முடியாது; ஊசி இருக்கிற கையை ஆட்டக் கூடாது என்று கியானாவே எத்தனை தடவை அதட்டியிருக்கிறாள்! ஹோசியா ஊசியில்லாத கையைத் தூக்கி நாற்காலிக் கைப்பிடியில் ஓங்கி ஓர் அடி அடித்தார். இன்னோர் அடி. பக்கத்து நாற்காலியில் ஒருவர் சேர்ந்துகொண்டார். பிறகு எல்லோரும். ஆறு கைகள், ஒவ்வொருவருக்கும் ஒன்று, கைப்பிடிகள் அதிர அடித்துக்கொண்டே இருந்தன.

எல்லோரையும்விடப் பலமாக அடித்தது சிஸ்டர் ஓடெல். தொப்பி ஒரு பக்கமாகச் சரிந்து கண்ணை மறைத்தது. அதைத் தூக்கிவிட்டால் அடிப்பதை நிறுத்த வேண்டுமே என்று அப்படியே அடித்துக்கொண்டிருந்தாள்.