ஸ்காபரோவிலிருந்து போடும் லைற்

...வெளிச்சம் இன்னும் வரவில்லை, வராவிட்டால் நல்லதுதானே, வரக்கூடாது என்றுதானே நேற்று அந்தக் கத்துக் கத்தினாய், பிறகென்ன பக்கத்து வீட்டுச் சுவரையே வெறித்துக்கொண்டு நிற்கிறாய் நிமலினி, வானத்தைப் பார், தொலைநோக்கியைப் பார், எல்லாம் தயாராய்க் கிடக்கிறது, மொட்டைமாடிக் கொட்டிலின் தகரக் கூரையை இழுத்துத் திறந்தாயிற்று, தொலைநோக்கியின் கமரா குளிர்ந்தாயிற்று, வேறு நாளென்றால் இந்த நேரத்துக்கு அந்தக் கோதாரி விழுந்த லைற் படீரென்று பத்தி, கோப்பாய் முழுக்கப் பகலாகிவிட்டதுபோல வளவை வெள்ளையடித்திருக்கும். அம்மா சீதனமாக இவளுக்கு எழுதிய வளவு. கலியாணமே கட்டாதவளுக்கு இவ்வளவும் எதற்கு என்று இவளாகவே பாதியைத் தம்பி ஜொனதனுக்கு எழுதிக்கொடுத்தாள், அவன் அதில் ஒரு மாளிகையைக் கட்டிவிட்டுக் கனடாவில் போய் இருக்கிறான், இரண்டு வருடத்துக்கு ஒருக்கால் வந்து தலையைக் காட்டுவான், மற்ற நாளெல்லாம் வௌவாலும் சிலந்தியும் குடியிருக்கிற அந்த வீட்டுக்கு ஸ்காபரோவில் இருந்தபடியே போனைத் தடவி லைற் போடுவான். இந்த ஒழுங்கையில் இப்படி எத்தனை வீடு, ஆளில்லாத வீடெல்லாம் சோடித்த தேர் மாதிரி எரிகிறது, ஆள் இருக்கிற வீடுகள்தான் இருட்டாய்க் கிடக்கின்றன. பூனை ஓடினால், மட்டை விழுந்தால் தானாகப் பத்துகிற லைற்றாக்கும் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள், நேற்றுத்தான் போனில் அவன் வாயால் வந்தது, "உது தானாய்ப் பத்திறேல்லை அக்கா, நான்தான் போடுறனான்." ஏன் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "இனிப் போட்டாய் எண்டால் கல்லாலை எறிஞ்சு உடைப்பன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள், அறுபது வயது கடந்த மனுசி, மிஷன் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படிப்பித்தவள், கல்லெறிகிற கதை கதைத்தாள்.

கதைக்காமல் என்ன செய்வாள்... றோசாப்பூ நெபுலா என்ன தெருவிளக்கா, நினைத்த நேரம் பார்க்க? வெறுங்கண்ணுக்கு அங்கே ஒன்றுமே இல்லை, வெறும் இருட்டு, அந்த இருட்டுக்குள் நிலாவை விடப் பெரிதாய் ஒரு வாயுமேகம் பூவாக விரிந்து கிடக்கிறது, ஐதரசன் வாயுவின் சிவப்பு, அவ்வளவு மெல்லிய சிவப்பு. முழங்கை நீளம்கூட இல்லாத இந்தக் குழாயால் அதைப் பிடிக்கவேண்டும் என்றால் வானம் நகர நகரத் தொலைநோக்கியும் கூடவே திரும்பவேண்டும், ஒவ்வொரு படத்துக்கும் கமராவின் கண்ணை நிமிடக்கணக்காகத் திறந்து வைக்கவேண்டும், அப்படி எடுத்ததையெல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால்தான் இதழ் இதழாகத் தெரிய வரும். அதன் மேலே கொண்டுவந்து ஊற்றினான் அவன் வெளிச்சத்தை. கொட்டிலின் சுவரில் தெறித்து, பனியில் தெறித்து, படத்தின் கீழ்மூலையில் பால் கொட்டினமாதிரி ஒரு வெள்ளை, பூவில் ஒரு பக்கத்து இதழ்கள் இல்லவே இல்லை, மாசி முழுக்க அதே கூத்து. நிலவில்லாத இந்தக் கிழமை போனால் இனி அடுத்த வருசம்தான், அடுத்த வருசம் யார் கண்டது, நத்தாருக்குக் கூப்பிட்டபோதே தொடங்கிவிட்டான், "அக்கா, உந்தப் படி ஏறுறதை விடுங்கோ, முத்தத்திலை வைச்சுப் பாக்கலாந்தானே." முற்றத்தில் எங்கே வானம் இருக்கிறது, மாமரமும் தென்னையும்தான் இருக்கிறது. இந்தப் படியில் ஏறுகிறவரைக்கும்தான் அவள் அவளாக இருப்பாள், ஏறுவது நின்றால் பிறகு கதிரையில் வைத்துத் துடைக்கப்படுகிற ஒரு சாமான், அது அவளுக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும், அதனால்தானே ஆத்திரம் வருகிறது.

முதற்படம் மடிக்கணினியில் வந்து விழுந்தது. சுத்தமான கறுப்பு. கீழ்மூலையிலும் கறுப்பு. சந்தோசப்படு, சந்தோசப்படேன்... சந்தோசம் வரவில்லை, ஒரு சொல்லுக்கு அடங்கிவிட்டானா, எத்தனை முறை சாடைமாடையாய்ச் சொன்னபோது ஓம் ஓம் என்றுவிட்டு ஒன்றும் செய்யாதவன் இப்போது மட்டும் என்ன பெரிய கீழ்ப்படிவு, கோபித்துக்கொண்டானா, கோபிக்க அவனுக்கு என்ன உரிமை. கைப்பிடிச் சுவரோடு வந்து எட்டிப் பார்த்தாள். அவன் வீட்டு மூலையில் கமரா, அதைச் சுற்றிச் சிவப்புப் பொட்டுகள், இருட்டில் பார்க்கிற அதன் கண். கேற்றைப் பார்க்கத்தானே பூட்டினது... கேற் அந்தப் பக்கம் அல்லவா. இவள் நிற்கிற இடத்துக்கே நேராக அந்தப் பொட்டுகள் தெரிகின்றன. கேற்றை அல்ல, கிணற்றை அல்ல, இவள் ஏறுகிற படியைத்தான் அது பார்த்துக்கொண்டிருக்கிறது. அடப் பாவி. களவெடுக்க வருகிறவனைப் பார்க்கிற கண்ணால் என்னையா பார்க்கிறாய், நைற்றியோடு ஏறுகிறேன், முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறேன், சில நாள் எனக்குள்ளே கதைத்துக்கொண்டு ஏறுகிறேன், எல்லாவற்றையும் அங்கே கோப்பி குடித்துக்கொண்டு பார்க்கிறானா. இங்கே இருட்டுகிற நேரம் அங்கே விடிகிற நேரம், வேலைக்குப் போகமுன் அக்காவின் படக்காட்சி. எப்போதிருந்து?

எப்போதிருந்து... லைற் பூட்டினது போன வருசம் தை. எலெக்ரிக் வேலை செய்கிற பிரணவன் ஏணியோடு வந்தான், கமராவையும் கொஞ்சம் திருப்பச் சொன்னவராம் என்றான், இவள்தான் அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள், மடைச்சி. தைக்கு முந்தின மார்கழியில்தான் இந்தப் படியில் சறுக்கி விழுந்தது. மழை விட்ட மைம்மல் பொழுது, படியில் பாசி, விழுந்த இடத்தில் அப்படியே கிடந்தாள், எழும்ப ஏலவில்லை, போன் கொட்டிலில், கத்தினால் கேட்க ஒழுங்கையில் ஆளில்லை, பொழுது படப் பட இப்படியே விடியும்வரை கிடக்கப்போகிறேன் என்று நினைக்கும்போது கேற்றடியில் நல்லம்மாவின் குரல், "ரீச்சர், உப்பு இருக்கோ ரீச்சர்?" நல்லம்மா பின் ஒழுங்கையில் இருக்கிறவள், நீர்வேலிக்காரி, வாழைத்தோட்டத்து மனுசி, அவள்தான் தூக்கி ஓட்டோவில் ஏற்றினாள். கால் சுகமானதும் இவள் கோயிலில் எழும்பி நின்று சாட்சி சொன்னாளே, சபை முழுவதும் கேட்க, ஒரு சைவ மனுசியின் உப்புப் போத்தலை அந்த நேரம் பார்த்துக் காலியாக்கிக் கர்த்தர் என்னைத் தப்புவித்தார் என்று, போதகர் அடுத்த ஞாயிறு உப்பைப் பற்றியே பிரசங்கம் பண்ணினார், ஜொனதனுக்கும் போனில் சொன்னாள், அவன், "ஓம் அக்கா, பெரிய காரியம்" என்றான். உப்பு. விளக்கு வைத்த பிறகு நல்லம்மா வீட்டில் உப்பைப் பேர்கூடச் சொல்லமாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள், வாங்கவும் மாட்டார்கள், சீதேவி போய்விடும் என்பார்கள், அயலில் அறுபது வருடம் இருந்தவளுக்கு இது தெரியாதா, தெரியும், நல்லாய்த் தெரியும். எந்த வெளிச்சத்துக்கும் ஒரு முதல், ஒரு பிறப்பிடம் உண்டு, அதைத் தேடு என்று வகுப்பு வகுப்பாய்ப் படிப்பித்தவள், பொழுதுபட்டபின் உப்பு வந்து நின்றபோது எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை.

நல்லம்மாவுக்குப் போன் அடித்தாள். எடுத்ததும், "அண்டைக்கு, நான் விழுந்த அண்டைக்கு, உப்புக் கேட்டு வந்தனீங்கள்" என்றாள். "ஓம் ரீச்சர்." "விளக்கு வைச்சாப் பிறகு." அந்தப் பக்கம் தொலைக்காட்சி நாடகம் அழுதுகொண்டிருந்தது, யாரோ அதைக் குறைத்தார்கள். "தம்பி சொல்ல வேண்டாம் எண்டவர் ரீச்சர்... கமராவிலை ஓரமாய் உங்கடை கால் தெரியுதாம், அசையேல்லையாம், ஓடிப் போங்கோ எண்டு அழுறார், அந்தப் பதட்டத்திலை கேற்றடியிலை எனக்கு வேறை என்ன வாயிலை வரும். பிறகு வீட்டை போய்த் தலைமுழுகிச் சாமியறையிலை தோப்புக்கரணமும் போட்டனான்." "நான் கோயிலிலை சாட்சி சொன்னது உங்களுக்குத் தெரியுந்தானே?" "ஊருக்கே தெரியும் ரீச்சர்." போனை வைத்தாள். நன்றிக்கென்று அவளுக்கு ஒரு பை உப்பும் வாங்கிக் கொடுத்திருந்தாளே, அதையும் வாங்கி வைத்துக்கொண்டு இவ்வளவு நாளாய் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள் மனுசி.

ஏமாற்றிப் பேய்க்காட்டியிருக்கிறார்கள். எல்லாருமாகச் சேர்ந்து. ஆளை உதவிக்கு அனுப்பினதற்காக ஒருவரும் ஆத்திரப்படுவதில்லை, அது சரி, நல்ல காரியம், ஆனால் சபைக்கு முன்னால் அப்படிப் பேச விட்டானே, ஒரு சொல் சொன்னானா, நான்தான் அக்கா என்று ஒரு சொல், அழுதானாம், நல்லம்மாவுக்குக் கேட்க அழுதவனுக்கு இவளுக்குக் கேட்க ஒரு வார்த்தை வரவில்லை. சொன்னால் என்ன நடந்திருக்கும்? கமராவைக் கழற்று என்றிருப்பாள். அதை அவன் அறிவான், அறிந்துதான் பெருமையைத் தூக்கிக் கடவுளிடம் கொடுத்துவிட்டுக் கமராவை வைத்துக்கொண்டான், கள்ளன், சின்ன வயதிலும் இப்படித்தான். இரண்டாவது படம் வந்தது, மூன்றாவதும் வந்தது, அடுக்கிப் பார்த்தாள், மாசி முழுக்கக் காணாமல் போயிருந்த இதழ்கள் கீழ்மூலையில் மெல்லச் சிவந்து வந்தன, கேட்டது கிடைத்துவிட்டது, துளி வெளிச்சம் இல்லை, இப்படி ஒரு இருட்டுக்காகத்தான் தொண்டை கிழியக் கத்தினாள். அந்தச் சிவப்புப் பொட்டுகளின் பார்வை கிணற்றடியைத் தாண்டாது, படி அதற்கு எட்டாது, லைற் போட்டால்தான் படி தெரியும். அதுதான் ஏறும்போது பத்தி, இறங்கினபிறகு அணைந்ததா. இப்போது அவனுக்கு முன்னாலும் இதே கறுப்புத்தானா, அல்லது போனை மூடி வைத்துவிட்டுப் பேசாமல் வேலைக்குப் போய்விட்டானா. போகட்டும், போய்த் துலையட்டும்.

சாப்பிட இறங்கவேண்டும், குளிசை போடவேண்டும், படங்கள் தம்பாட்டுக்கு எடுபடும். வழமையாக இருட்டிலேயே கையால் சுவரைத் தடவித் தடவித்தான் இறங்குவாள், தொலைநோக்கிக் கமராவின் கண் திறந்திருக்கும்போது வெள்ளை வெளிச்சம் கூடாது, அது இந்தக் கொட்டிலின் சட்டம், அவளே போட்ட சட்டம். முதற்படியில் கால் வைத்தாள், பனியில் சீமெந்து ஈரம், இரண்டாவது படியில் நின்றாள். முழங்கால் நோகவில்லை. பயமும் இல்லை, விழுவேன் என்ற பயம் சத்தியமாய் இல்லை. இருந்தும் கால் நகரவில்லை, அவன் பார்க்கவில்லை என்றால்... அந்த நினைப்பு முழுதாக வரமுன் கை போனை எடுத்து ரோச்சைப் போட்டுவிட்டது, மேலே எடுபட்டுக்கொண்டிருந்த படம் அந்த நொடியே நாசம், அவளுக்குத் தெரியும். வெளிச்சத்தைப் படிப்பக்கம் காட்டவில்லை. கையைத் தூக்கித் தன்மேலேயே பிடித்தாள், தலையிலிருந்து கால் வரைக்கும் அவன் வீட்டுக் கமராவுக்குத் தெரியும்படி, முகத்தை மட்டும் மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள், கோபம் இன்னும் அப்படியே இருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்து வீட்டில் ஒன்றும் பத்தவில்லை. எவ்வளவு நேரம் இப்படி நின்றால் போதும் என்று அவளுக்குத் தெரியவில்லை.