தோளுக்கு மேலே

மார்பில் கட்டியை எடுத்தபோது, அம்மாவின் வலது தோளுக்கு மேலே இருந்த இடத்தையும் ஆஸ்பத்திரி எடுத்துக்கொண்டது. வழக்கமான நடைமுறைதான் என்றார்கள்.

அந்த இடத்தைத் திரும்ப வாங்க, விரல்களால் சுவர் ஏற வேண்டும். சுட்டுவிரலும் நடுவிரலும் மாறி மாறிப் பல்லி மாதிரி மேலே நகர வேண்டும். உச்சியில் ஒரு சிவப்புக் கோடு. அதைத் தொடாவிட்டால் கை இறுகிப்போகும், தலை சீவக்கூட அடுத்தவர்தான் வரவேண்டும் என்று பிசியோதெரபி பார்க்கும் ஃபிலோமினா மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார்.

சுவர் தினமும் கொஞ்சம் வளர்ந்தது. புகார் சொன்னேன். வளர்கிற வயசு என்றார் மேடம்.

சுவருக்குப் பக்கத்தில் ஒரு போஸ்டர். புற்றுநோயைத் தடுக்க நடங்கள், காய்கறி சாப்பிடுங்கள். அதில் ஷூ போட்ட பெண் ஒருத்தி சிரித்துக்கொண்டே ஓடுவாள். களைத்தால் நின்று எங்கள் பாட்டிலை வாங்கித் தண்ணீர் குடிப்பாள். நன்றி சொல்லும் பழக்கமில்லை.

மேடம் அம்மாவின் பழைய பழக்கங்களைக் கேட்டார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. நாள் முழுக்க நிற்க வேண்டும். ஓவர்டைம் என்றால் ராத்திரிச் சாப்பாடு டீயும் பன்னும்.

"உடற்பயிற்சி செஞ்சீங்களா?"

"நின்னுட்டே இருந்தனுங்க. நடந்தனுங்க."

"அது வேலைம்மா. வேலை இதுல சேராது."

தப்பு செய்தவள் மாதிரி அம்மா தலையாட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது. அதை நின்று வாங்கிய கால் எதில் சேரும் என்று கேட்டேன். மேடம் குனிந்து என் கால்களைப் பார்த்தார். "இதுங்க இல்ல," என்றார். அது உண்மைதான். அதனால் இன்னும் கோபம் வந்தது.

வெட்டிய பக்கத்தை மறைக்க அம்மா ஒரு பச்சைத் துண்டு போட்டிருந்தாள். தூங்கும்போதும் எடுக்க மாட்டாள். கையைத் தூக்கினால் துண்டு நழுவும். அதனால் விரல்கள் தோள் உயரத்தோடு நின்றுவிடும். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எனக்குத் தெரிந்த துண்டு அது. கல்லூரி நாட்களில் காலை பஸ் நிற்பதற்குள் அம்மா கூடவே ஓடி, ஜன்னல் வழியாக அதை உள்ளே வீசி எனக்கு சீட் பிடிப்பாள். "ஆள் வருதுங்க" என்று வெளியிலிருந்தே குரல் கொடுப்பாள். நான் உட்கார்ந்து படிப்பேன். அவள் கம்பெனி ஸ்டாப் வரைக்கும் மேல்கம்பியைப் பிடித்து நின்று வருவாள். துண்டில் பஞ்சுத்தூசி வாசனை அடிக்கும். அந்த வாசனை இல்லாமல் பரீட்சை ஹாலில் எனக்கு ஒன்றும் ஞாபகம் வராது.

ஒரு நாள் சுவர் முன்னால் நின்று இதையெல்லாம் அம்மாவிடம் பேசினேன். பேசப் பேச ஆஸ்பத்திரி வராந்தா நீண்டது. கடைக்கோடியில் ஹாரன் கேட்டது. அதே காலை பஸ், அதே கூட்டம். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு ஸ்ட்ரெச்சர்களை ஓரங்கட்டச் சொன்னார்.

"இங்க நிக்காது," என்றார் மேடம். "மெதுவாப் போகும், அவ்வளவுதான்."

"கண்ணு, சீட்டு போயிரும்," என்றாள் அம்மா.

நடந்தாள். பிறகு ஓடினாள். ஜன்னல் சிவப்புக் கோட்டுக்கும் மேலே இருந்தது. அம்மா துண்டை உருவினாள். வலது கை தோளைத் தாண்டியது. காதைத் தாண்டியது. முகம் கோணியது. துண்டு உள்ளே போய் விழுந்தது.

வெட்டிய பக்கம் வெளியே தெரிந்தது. அம்மா மறைக்கவில்லை. யாரும் பார்க்கவுமில்லை. எல்லோருக்கும் சீட் கவலை.

நான் முண்டியடித்து ஏறினேன். போஸ்டர் பெண் எனக்கு முன்பே ஏறியிருந்தாள். துண்டை நகர்த்தி உட்காரப் பார்த்தாள்.

"ஆள் வருது," என்றேன்.

மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஒரு கை அளவுக்கு அது தேய்ந்திருந்தது. அம்மா மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள்.

"உக்காரு புள்ள. படிக்கோணுமல்ல."

"படிச்சாச்சு. நீ உக்காரும்மா."

கொஞ்சநேரம் சீட்டையே பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள். பஸ் எக்ஸ்ரே அறையைத் தாண்டி இடது பக்கம் திரும்பியது.