அரை நொடி பிந்தி அடித்தவருக்கு ஒரு பாட்டு

1

இந்தக் கதை எனக்கு மெத்தை வாங்கப் போன இடத்தில் கிடைத்தது. முதுகுவலிக்கு ஆகுமா என்று அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கடைக்கார அம்மா தன் கணவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பகலில் மெத்தை விற்பவர். மாலையில் கடையின் பின்பக்கக் கிடங்கில் ஒரு ராக் இசைக்குழுவுக்கு டிரம்ஸ் வாசிப்பவர். போன வருடம் மாரடைப்பில் போய்விட்டார். குழு அவருக்காகப் பாட்டு ஒன்று தயார் செய்கிறது, வந்து கேளுங்கள் என்று மெத்தையோடு நுழைவுச் சீட்டும் கொடுத்தார்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மரணம் ஒரு தாளம், அதில் மனிதன்...’ வேண்டாம். டிரம்ஸ்காரர் கேட்டால் சிரிப்பார். அதையும் கொஞ்சம் பிந்தித்தான் சிரிப்பார்.

2

அரை நொடி. பாட்டு முடியும் இடத்தில் எல்லோரும் ஒன்றாக வந்து நிற்பார்கள். அவருடைய அடி மட்டும் பின்னாலேயே வந்து சேரும். பதினோரு வருடமாக இதே கதை.

மிச்சம் மூன்று பேர். பாடகி பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். கிட்டார்காரன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். பேஸ் கிட்டார் வாசிப்பவன் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவன். கதை இந்த மூன்றாமவனுடையது. ஏனென்றால் கடைசி ஒத்திகையில், “தாளம் எண்ணத் தெரிஞ்சா வாசிங்கண்ணே, இல்லேன்னா விட்டுடுங்க” என்று சொன்னது அவன்தான். டிரம்ஸ்காரர் தலையாட்டிவிட்டுக் குச்சிகளைப் பையில் வைத்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை ஒத்திகை வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

(பார்வை சோதிப்பவன் என்றதும் உருவகம் தேடாதீர்கள். அவன் வேலையே அதுதான். தையல்காரனாக மாற்றிப் பார்த்தேன், ஒட்டவில்லை.)

3

அவரைப் போலவே கடைசி அடியைப் பிந்தி வாசிப்போம் என்று கிட்டார்காரன் யோசனை சொன்னான். எல்லோருக்கும் கண் கலங்கியது. புது டிரம்ஸ்காரன் ஒருவனைப் பிடித்தார்கள். முறையாகக் கற்றவன். பிந்துவதையும் கச்சிதமாகப் பிந்தினான். அது ஏதோ புதுத் தாளம் போல இருந்தது. அப்படியானால் அவனோடு நாமும் பிந்துவோம் என்றாள் பாடகி. நான்கு பேரும் பிந்தினார்கள். அப்போது யாருமே பிந்தவில்லை. இதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு மூன்று வாரம் ஆனது.*

யாராவது ஒருவர் நேரத்துக்கு வாசித்தால்தான் மற்றவர்கள் பிந்த முடியும். யார் என்ற பேச்சு வந்ததும் மற்ற மூன்று பேரும் பேஸ்காரனைப் பார்த்தார்கள். அவன் முகம் சுண்டிப்போனது. மனுஷனை அப்படித் திட்டியவன், அவருக்கான பாட்டிலும் தனியாகச் சரியாய் வாசித்துக்கொண்டு நிற்க வேண்டுமா? முடியாது என்று சொல்லிவிட்டு கிட்டாரை உறைக்குள் போட்டான்.

* எனக்கு நான்கு நாள். காகிதத்தில் கோடு போட்டுப் பார்த்தேன்.

4

மெத்தை அடுக்கின் மேல் உட்கார்ந்து ஒத்திகையைக் கேட்டுக்கொண்டிருந்த கடைக்கார அம்மா அப்போதுதான் வாய் திறந்தார்.

“அவருக்கு எண்ணத் தெரியும், தம்பி. உன் சத்தம் காதுல விழுந்தப்புறம்தான் அடிப்பேன்னு சொல்வாரு. நீ இருக்கியான்னு பாத்துட்டு அடிப்பாராம்.”

பேஸ்காரன் பக்கத்திலிருந்த மெத்தையில் பொத்தென்று உட்கார்ந்தான். அது புது ரகம், ஆளை உள்ளே இழுத்துக்கொள்ளும். அழுதுகொண்டிருந்தவனைத் தூக்கிவிட இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

(இங்கே எனக்கு ஒரு சந்தேகம். அந்த அம்மா நல்ல வியாபாரி. இந்த மெத்தையில் படுத்தால் முதுகுவலி போய்விடும் என்று என்னிடம் சொன்னதும் அவர்தான். வலி பாதி போயிருக்கிறது.)

5

முடிவு ஒன்று: கடைசி அடிக்கு அரை நொடி கழித்துக் கூட்டத்தில் யாரோ தும்மு... எழுதியதை அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: ஆளில்லாத டிரம்ஸ் தானாக... நான் அவ்வளவு தூரம் இறங்க மாட்டேன்.

நடந்தது இதுதான். ஞாயிறு மதியம், சமுதாயக் கூடம், அறுபது நாற்காலி. பேஸ்காரன் கடைசி அடிக்குக் கம்பியை நேரத்துக்குச் சுண்டினான். தனியாக. மற்ற மூன்று பேரும் பின்னால் வந்து சேரும்வரை அவன் நிமிரவில்லை. கைதட்டல் எழுந்ததும் கிட்டாரோடு மேடையிலிருந்து இறங்கி, நேராக அந்த அம்மாவிடம் போய்க் குனிந்தான்.

“அண்ணி, நிஜமாவே அண்ணன் அப்படிச் சொன்னாரா, இல்ல நீங்களா...”

அவர் அவன் காதருகே ஏதோ சொன்னார். கைதட்டலில் எனக்குக் கேட்கவில்லை. நான் கடைசி வரிசையில் இருந்தேன். இதைப் படிக்கிற நீங்கள் அவருக்கு அடுத்த நாற்காலியில்தானே உட்கார்ந்திருந்தீர்கள். என்ன சொன்னார்?