ஐந்தாவது அடுக்கு

டிரங்குப் பெட்டி வியாபாரியின் கடையில் பெட்டிகள் ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்து அடுக்காக இருந்தன. அதற்குமேல் ஒரு முக்காலி போடக்கூட இடமில்லை. மனைவிக்கோ மாடியில் இருக்கும் தையல் மெஷினை அங்கே இறக்கியாக வேண்டும். மாடிப்படி ஏற முட்டி ஒத்துழைக்காமல், துணி தைக்கக் கொடுப்பவர்கள் ஒவ்வொருவராக அடுத்த தெருவுக்குக் கழன்றுகொண்டிருந்தார்கள்.

ஓர் அடுக்கைக் குறைத்துக் காட்டினால் இடம் தருவதாகச் சொல்லிவிட்டார் அவர். நடக்காது என்று தெரிந்துதான் சொன்னார். வியாபாரி சும்மா வாக்குக் கொடுப்பாரா?

மதியம் கடையை அடைத்ததும் அவள் சாக்பீஸோடு தரையில் உட்கார்ந்தாள். பெட்டிக்கு ஒரு புள்ளி. எது எதற்குள் போகுமோ, இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு. போட்டு முடித்துப் பார்த்தால், நீளப் பெட்டியும் உயரப் பெட்டியும் சம்பந்திகளைப் போல ஒன்றுக்குள் ஒன்று போகாமல் ஆளுக்கொரு தனி அடுக்காக இடம் பிடித்து நின்றன. இரண்டிலிருந்தும் கோடு ஓடியது ஒரே அடுக்குக்கு. அது கணவரின் செல்ல அடுக்கு. திறக்கத் திறக்கப் பெட்டி வரும். வந்தவர்கள் வாய் பிளப்பார்கள். தினமும் அதைத்தான் முதலில் எத்தனை பெட்டி கொள்ளுமோ அத்தனையும் போட்டு அடுக்குவார். மீந்ததற்குத்தான் மற்ற இடம்.

"இதை நடுவுல பிரிக்கணுங்க."

"கடைக்கு மூஞ்சியே அதுதாம்மா. அதுல கை வைக்காத."

கொடுத்த வாக்கை அவள் மெதுவாக நினைவூட்டினாள். முனகிக்கொண்டே அவரே பிரித்தார். உள்பாதி நீளப் பெட்டிக்குள் போயிற்று. வெளிப்பாதி உயரப் பெட்டியை வாங்கிக்கொண்டது. மூடிகள் மூடின. மற்ற இரண்டு அடுக்கைத் தொடவே இல்லை. ஆக மொத்தம் நாலு.

அவருக்கு இப்போது ருசி கண்டுவிட்டது. "அப்படியே மூணாக்கிடேன். நானும் ஒரு நாற்காலி போட்டுக்குவேன்ல?"

அவள் நாலு புள்ளிகளைச் சுற்றி வட்டம் போட்டாள். நீளப் பெட்டி, உயரப் பெட்டி, தொடாத இரண்டு அடுக்கிலிருந்து ஒவ்வொன்று. எந்த இரண்டுக்கும் நடுவில் கோடில்லை.

"இந்த நாலும் ஒன்னுக்குள்ள ஒன்னு போகாது. ஆளுக்கொரு அடுக்கு வேணும். மூணு வேணும்னா பெட்டிங்ககிட்ட பேரம் பேசிக்கோங்க."

அவர் விடவில்லை. நாலையும் வெளியே எடுத்து, திருப்பி, சாய்த்து, கவிழ்த்துப் பார்த்தார். ஒன்றும் மசியவில்லை. பிறந்ததிலிருந்து பேரத்தில் தோற்காதவர், தகரத்திடம் தோற்றார்.

சாயங்காலம் மெஷினின் ஒரு பக்கத்தை அவரே பிடித்துக் கீழே இறக்கினார். முதலில் வந்தவள், படி ஏறுவது மிச்சம் என்று சொல்லி இரண்டு சட்டைக்கு அளவு கொடுத்தாள். நாற்காலி இல்லாத வியாபாரி நின்றுகொண்டே அவளுக்கு நீளப் பெட்டியைத் திறந்து காட்டத் தொடங்கினார்.