கிளாரினெட்டில் மிச்சமிருந்த மூச்சு

தையல்காரியின் கணவர் செத்துப்போனபோது அவருடைய கடைசி மூச்சு வெளியே வரவில்லை. கிளாரினெட்டுக்குள் போய் அங்கேயே தங்கிவிட்டது. ஹோட்டல் மாடியில் சாயங்காலம் சாப்பிட வருகிறவர்களுக்காக வாசிப்பது அவர் வேலை. அன்றைக்கு ஒரு நீளமான சுரத்துக்காக நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து ஊதினார். மூச்சு உள்ளே போனது, சத்தம் வரவில்லை, ஆள் நாற்காலியோடு சாய்ந்துவிட்டார். பக்கத்தில் டிரம்ஸ் வாசித்தவர் பதற்றத்தில் செய்த காரியம்தான் மற்ற எல்லாவற்றுக்கும் காரணம். வாசித்து முடித்ததும் கிளாரினெட்டைத் துண்டு துண்டாகக் கழற்றிப் பெட்டியில் வைப்பார்கள். அவர் கழற்றவில்லை. வாய்ப்பக்கம் மூடியைப் போட்டு, விரிந்த அடிப்பக்கத்தில் தன் கைக்குட்டையைத் திணித்து, முழுசாகக் கொண்டுவந்து தையல்காரியிடம் கொடுத்துவிட்டார். நடுவில் அத்தனை துளை இருக்கிறதே, அது வழியாகப் போயிருக்காதா என்று கேட்கிறவர்கள் இன்றைக்கும் உண்டு. போகவில்லை. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

தையல்காரி அதைத் துணி அலமாரியில் அவருடைய சட்டைகளுக்கு நடுவே நிற்கவைத்தாள். அலமாரியைத் திறந்தால் அவர் ஓயாமல் சப்பிக்கொண்டிருந்த இருமல் மிட்டாயின் வாசனை வரும். சில நாள் சட்டைக் கைகள் லேசாக அசையும். அவள் அசைகிற கையை ஒதுக்கிவிட்டு வேண்டிய துணியை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்துவாள். அழுது பார்க்க அவளுக்கு நேரமில்லை. பள்ளிக்கூடங்களுக்குச் சீருடை தைத்துக் கொடுக்கிற வேலை தலைக்குமேல் கிடந்தது. மகள் தையல் மிஷினுக்கு அடியில் தவழ்ந்து குண்டூசி பொறுக்கியே வளர்ந்தாள். ஆளும் அப்படித்தான், ஒல்லியாக, தலை மட்டும் தனியாகத் தெரியும். அதனால் தெருவே அவளைக் குண்டூசி என்று கூப்பிட்டது. அப்பா போனபோது அவளுக்குப் பேச்சே சரியாக வந்திருக்கவில்லை. அவர் முகத்துக்கு ஒரு போட்டோ இருந்தது. குரலுக்கு ஒன்றும் இல்லை. அப்பா எப்படிப் பேசுவார் என்று அவள் கேட்கும்போதெல்லாம் தையல்காரி பேசிக்காட்டப் பார்ப்பாள். அது தையல்காரி தடுமல் பிடித்துப் பேசுவது மாதிரி இருக்கும்.

மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் ஒரு இளம் டீச்சர் குழந்தைகளுக்குக் குழல் வாத்தியங்கள் சொல்லிக்கொடுத்தாள். அவளிடம் ஒரு சட்டம் இருந்தது: பால்பல் விழுந்து முன்பல் இரண்டும் முளைக்காத பிள்ளை கிளாரினெட்டைத் தொடக்கூடாது, அதுவரை பிளாஸ்டிக் குழல்தான். குண்டூசி அடம்பிடித்து அங்கே சேர்ந்து, பல் இல்லாத வாயோடு பிளாஸ்டிக் குழலில் சில சுரங்களை ஊதிக் கற்றுக்கொண்டாள். அவளோடு சேர்ந்து தெருவும் அந்தச் சுரங்களைக் கற்றுக்கொண்டது. வேறு வழி இருக்கவில்லை. ஒரு வழியாகப் பல் முளைத்தது. டீச்சர் அவள் உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தாயிடம், “பல்லு ஜம்முனு வந்துடுச்சுக்கா. வீட்லயே கிளாரினெட் இருக்காமே? எடுத்துட்டு வாங்க,” என்றாள். தையல்காரி கொடுக்கக்கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனால் சட்டைக்கை அசைவதை மட்டும் பார்த்து எத்தனை வருஷம் குடும்பம் நடத்துவது? அவளுக்கும் கேட்க ஆசையாக இருந்தது.

முதல் தடவை கிளாரினெட் ஊதுகிற எந்தப் பிள்ளையும் வாத்துச் சத்தம்தான் எழுப்பும். டீச்சர் முன்யோசனையாக ஜன்னலைச் சாத்தியிருந்தாள். கைக்குட்டையை உருவினார்கள், மூடியைக் கழற்றினார்கள், குண்டூசி கன்னத்தை உப்பவைத்து ஊதினாள். வந்தது ஒரு முதிர்ந்த, உருண்ட, களைத்த சுரம். ஹோட்டல் மாடியில் தொடங்காமல் நின்றுபோனதன் தொடக்கம். கீழே கடையில் கண் சோதனைக்காக எழுத்துப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தவர் பாதி வரியில் நிறுத்திவிட்டார். டீச்சர் உட்கார்ந்துவிட்டாள். அறை முழுக்க இருமல் மிட்டாய் வாசனை. வாசலில் நின்ற தையல்காரி, “அவர்தான்,” என்றாள்.

தகராறும் அன்றைக்கே தொடங்கியது. மரக் கிளாரினெட்டை ஊதி முடித்ததும் உள்ளே தேங்குகிற ஈரத்தைத் துடைக்கவேண்டும்; கயிறு கட்டிய துணி ஒன்றைக் குழாய்க்குள் விட்டு மறுபக்கம் இழுப்பார்கள். டீச்சர் துணியை எடுத்ததுமே தையல்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஈரத்த அப்படியே விட்டா மரம் வெடிச்சிடும்க்கா.”

“வெடிச்சா வெடிக்கட்டும். துடைச்சா உள்ள இருக்கறதும் சேர்ந்து போயிடுமே.”

உள்ளே இருப்பது என்ன என்று டீச்சர் கேட்கவில்லை. கிளாரினெட் துடைக்கப்படாமலே வீடு திரும்பியது, கைக்குட்டை அடைத்தபடி. அதற்குப் பிறகு தையல்காரி அவரைச் சொட்டு மருந்து மாதிரிச் செலவழித்தாள். வாரத்துக்கு ஒரு சுரம், அதற்குமேல் கிடையாது. அந்த நேரம் வந்தால் மிஷினை நிறுத்தி, முகம் கழுவி, நல்ல துணி உடுத்திக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்காருவாள். சீருடை வாங்க வந்தவர்கள் வெளியே நிற்பார்கள், நின்றால் நிற்கட்டும். குண்டூசிக்குத்தான் இது பிடிக்கவில்லை. அவளுக்குப் பிறகு சேர்ந்த வாண்டுகளெல்லாம் முழுப் பாட்டு வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள். “நான் மட்டும் ஒண்ணையே ஊதிட்டு இருக்கேன். அதுவும் நான் ஊதற மாதிரியே இல்ல,” என்று புகார் சொன்னாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் ஒருநாள் குண்டூசி ஊதினாள், வாத்துச் சத்தம் வந்தது. இன்னொரு தடவை ஊதினாள், அதே வாத்து. தையல்காரி கிளாரினெட்டைப் பிடுங்கி முகர்ந்து பார்த்தாள். வெறும் மர வாசனை, கொஞ்சம் எச்சில் வாசனை. காலில் செருப்புகூடப் போடாமல் மாடிப்படி ஏறிப்போய், எனக்குத் தெரியாமல் துடைத்துவிட்டாய், என் வீட்டுக்காரரைத் துணியில் சுருட்டி எறிந்துவிட்டாய் என்று டீச்சரைப் பார்த்துக் கத்தினாள். கீழே கண்ணாடிக் கடைக்காரர் சண்டை முடியும்வரை வியாபாரத்தை நிறுத்திவைத்தார். டீச்சருக்கு அழுகை வந்துவிட்டது. தான் தொடவேயில்லை என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டே, “ஆனா ஒண்ணு சொல்லணும்க்கா. இவ மூச்ச வாயோரத்துல எடுக்கறதே இல்ல. ஊதிட்டு, வாய எடுக்காம, குழாய் வழியாவே திரும்ப உறிஞ்சிடுவா. சின்னப் பிள்ளைங்க நிறைய பேர் செய்யற தப்புதான். நானும் எத்தனையோ தடவை சொல்லிட்டேன்,” என்றாள். இரண்டு பெண்களும் குண்டூசியைத் திரும்பிப் பார்த்தார்கள். தாய்க்குப் பின்னாலேயே ஏறி வந்தவள் படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். நெஞ்சு ஒரு மூச்சுக்கு இரண்டு தடவை ஏறி இறங்கியது.

டாக்டர் முதுகில் வைத்துக் கேட்டார், நெஞ்சில் வைத்துக் கேட்டார், காதிலிருந்து குழாயை எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி கேட்டார். உள்ளே இரண்டு பேர் மூச்சு விடுகிறார்கள், ஒன்று சின்னது, ஒன்று பெரியது, இரண்டுக்கும் ஒரே நெஞ்சில் இடம் போதவில்லை என்றார். மருந்து எதுவும் எழுதவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குண்டூசி தூங்கும்போது தையல்காரி பக்கத்தில் பித்தான் கட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளையின் வாய் கொஞ்சம் திறந்தது. “கதவு சாத்தியாச்சா?” என்று உள்ளேயிருந்து கேட்டது. கல்யாணமான நாளிலிருந்து கண் அசருவதற்கு முன்னால் அவர் தவறாமல் கேட்ட கேள்வி அது. தையல்காரி ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். “சாத்திட்டேன். நீங்க தூங்குங்க,” என்றாள், தன் எட்டு வயது மகளைப் பார்த்து.

அதற்குப் பிறகு அவள் செய்தது நியாயமில்லை. அவளைத் தெரிந்தவர்கள் அவளை வையவும் முடியாமல் மன்னிக்கவும் முடியாமல் இருந்தார்கள். பாடத்தை நிறுத்திவிட்டாள். ஊதினால்தானே வெளியே போவார். ஓடக்கூடாது, சத்தம் போட்டுச் சிரிக்கக்கூடாது, விளையாட்டுக்குக்கூட பலூன் ஊதக்கூடாது என்று பிள்ளையை நாற்காலியில் உட்காரவைத்தாள். தூங்கும் பிள்ளையோடு குடும்ப விஷயம் பேசினாள்: ஒழுகுகிற குழாய், ஏறிப்போன வாடகை, மிஷின் பெல்ட். சில நாள் பதில் வந்தது. தூங்கி எழுந்தால் குண்டூசிக்கு ஒன்றும் ஞாபகமிருக்காது, அந்தக் குரலை அவள் ஒருநாளும் கேட்கவில்லை. அவள் மெலிந்தாள். ஒரு வாக்கியத்தை மூன்றாக உடைத்துப் பேசினாள். பள்ளிக்கூடப் படியில் பாதியில் உட்கார்ந்துவிட, வாட்ச்மேன் தூக்கிக்கொண்டு வந்து விட்டுப்போனார். உதடு மை தொட்ட மாதிரி நீலம் பாரித்திருந்தது.

யாரும் கூப்பிடாமலே டீச்சர் வீட்டுக்கு வந்தாள். “இவ கன்னத்துக் காத்தைத்தான் ஊதறா, அதனாலதான் அவர் அடியிலயே தங்கிட்டார். வயித்துலேர்ந்து ஒரே மூச்சா நீளமா ஊதினா வந்துடுவார்க்கா. இப்படியே விட்டா பிள்ளைய உசுரோட பார்க்க முடியாது,” என்றாள். தையல்காரி வெகுநேரம் கத்தரிக்கோலைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். பிறகு பாயை விரித்தாள். குழல் வாசிக்கக் கற்கும் பிள்ளைகளை மல்லாக்கப் படுக்கவைத்து, வயிற்றில் தடிமனான புத்தகத்தை வைத்து, அது ஏறி இறங்குகிற மாதிரி மூச்சு விடச் சொல்வார்கள். அந்த வீட்டில் தடிமனான புத்தகம் இல்லாததால் மடித்த சீருடைகளை அடுக்கினார்கள். டீச்சர் தினமும் வந்தாள். துணிக்கட்டு முதலில் அசையவே இல்லை, பிறகு நடுங்கியது, பிறகு மெதுவாக ஏறி இறங்கத் தொடங்கியது. தையல்காரி தையலை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மனதில் ஒரு திட்டம் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு காலை வெயிலில் குண்டூசி எழுந்து நின்று கிளாரினெட்டை வாயில் வைத்தாள். தையல்காரி அவளுக்கு எதிரே மண்டியிட்டு, குழாயின் விரிந்த அடிப்பக்கத்துக்கு நேராகத் தன் வாயை வைத்துக்கொண்டாள். பிள்ளை வயிற்றிலிருந்து ஊதினாள். பால் பொங்கி அடங்குகிற நேரத்துக்கு அந்தச் சுரம் நின்றது, ஹோட்டலில் கேட்டிருக்கவேண்டிய முழுச் சுரமும், கடைசி நடுக்கம் வரை. அது வரவர தையல்காரி உள்ளே இழுத்தாள், ஒரு துளியும் சிந்தாமல். சத்தம் நின்றபோது அவர் முழுசாக அவளுக்குள் இருந்தார். அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். குண்டூசியின் நெஞ்சு ஒரே ஒரு தடவை ஏறி ஒரே ஒரு தடவை இறங்கியது. உதட்டில் நிறம் திரும்பியது. மாதக்கணக்கில் மூச்சு விட இடமில்லாமல் இருந்த பிள்ளை, சிரித்துக்கொண்டே தாயைப் பார்த்து, “நல்லா ஊதினேனாம்மா?” என்று கேட்டாள்.

தையல்காரி தலையாட்டினாள். பிள்ளைக்கு அது போதவில்லை. “சொல்லும்மா. நல்லா இருந்துச்சா?” டீச்சர் பதில் சொல்லியிருக்கலாம், ஆனால் பிள்ளை கேட்டது டீச்சரை அல்ல. தையல்காரியின் முகம் சிவந்து கண்ணில் நீர் கட்டியது. வாயைத் திறந்தால் போய்விடுவார். திறக்காவிட்டால், இத்தனை நாள் ஒரு வேலையைப் பழகி முதல் தடவையாகச் சரியாகச் செய்துவிட்டு நிற்கிற பிள்ளைக்குச் சொல்ல ஒரு வார்த்தை இல்லை. குண்டூசியின் சிரிப்பு மெல்லச் சுருங்குவதை அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருக்க முடியவில்லை. வாயைத் திறந்தாள்.

“ரொம்ப நல்லா ஊதினடா கண்ணு,” என்றது குரல். ஆண் குரல், கொஞ்சம் கரகரப்பு, இருமல் மிட்டாய் வாசனை. அந்த மூச்சில் அவ்வளவுதான் இருந்தது, அது தீர்ந்துவிட்டது.

குண்டூசி யார் பேசியது என்று அக்கம்பக்கம் தேடவில்லை. தினமும் கேட்கிற குரலுக்குச் சொல்கிற மாதிரி, “தேங்க்ஸ் அப்பா,” என்று சொல்லிவிட்டு, தரையில் உட்கார்ந்து கிளாரினெட்டை ஒவ்வொரு துண்டாகக் கழற்ற ஆரம்பித்தாள்.