நின்னாதான் எடுக்க முடியும்

குளித்துவிட்டுத் துவட்டிக்கொண்டிருந்தபோது இடது மார்பின் அடிப்பக்கத்தில் ஏதோ நீரஜாவின் விரலில் தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. அழுத்திப் பார்த்தாள், வலிக்கவில்லை. வலிக்காததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

சின்னக் குழந்தையாக இருந்தபோதே போலியோ அவளுடைய இரண்டு கால்களையும் எடுத்துக்கொண்டுவிட்டது. மயிலாப்பூரில் தம்பி ஸ்ரீகிருஷ்ணாவின் வீட்டில், பின்னறையில் உட்கார்ந்தபடி பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வழியாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். சக்கர நாற்காலியில் ஏறி இறங்குவது, குளிப்பது, துவைப்பது எதற்கும் யாரையும் கூப்பிடுவதில்லை. வாசல் படியைத் தாண்டத்தான் தம்பி வேண்டும்.

அன்றைக்கே அவனிடம் சொல்லிவிட்டாள். "ஒண்ணும் இருக்காது அக்கா. சனிக்கிழமை போய்ப் பாத்துண்டு வந்துடலாம்," என்றான். அந்தச் சனிக்கிழமை அவனுக்கு ஆபீஸில் ஏதோ மீட்டிங் வந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை அவன் மனைவி மாளவிகாவின் சித்தி பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். அடையாறில் இருந்த ஸ்கேன் சென்டருக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மாதம் திரும்பிவிட்டது.

சென்டர் வாசலில் சரிவுப் பாதை ஒன்று இருந்தது. அதன் மேல் ஜெனரேட்டரை வைத்திருந்தார்கள். "அத்தெல்லாம் சும்மா ரூல்ஸுக்கு கட்டி வச்சிகீது சார்," என்றார் வாட்ச்மேன். அவரும் ஸ்ரீகிருஷ்ணாவுமாக, பீரோவை ஏற்றுவதுபோல நாற்காலியைச் சாய்த்து, அவளோடு சேர்த்துப் படியேற்றினார்கள்.

மார்பை எக்ஸ்ரே எடுக்கிற மேமோகிராம் அறையில் இருந்த பெண் நீரஜாவை ஒருமுறை பார்த்துவிட்டு ஸ்ரீகிருஷ்ணாவிடம் கேட்டாள். "இவங்க நிப்பாங்களா சார்?"

"என்னைக் கேளுங்கோ," என்றாள் நீரஜா. "நிக்க முடியாது. உக்காந்துண்டே எடுக்கலாமோன்னோ?"

"நின்னாதான் எடுக்க முடியும் சார்," என்று அந்தப் பெண் மறுபடியும் அவனுக்கே பதில் சொன்னாள். "வேணும்னா ரெண்டு பேர் புடிச்சுக்கிட்டு டிரை பண்ணலாம்."

ஸ்ரீகிருஷ்ணா சரியென்றான். நீரஜாவை யாரும் கேட்கவில்லை. ரவிக்கையைக் கழற்றிவிட்டு, இரண்டு ஆயாக்கள் அக்குளில் கைகொடுத்து அவளை மெஷின் முன்னால் தூக்கி நிறுத்தினார்கள். உலோகத் தட்டின் குளிர்ச்சி மார்பில் பட்டதுதான் தெரியும். ஒரு ஆயாவின் பிடி வழுக்கிவிட்டது. முழங்கால் மடங்கி, அரை உடம்பு திறந்த கோலத்தில் அவள் தரையில் கிடந்தாள். சத்தம் கேட்டு யாரோ கதவைத் திறந்தார்கள். வெளியே டோக்கனோடு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். மூடுவதற்கு ஒரு துணி வந்து சேர வெகுநேரம் ஆனாற்போல இருந்தது.

"பேஷண்ட் கோஆப்பரேட் பண்ணல சார்," என்றாள் அந்தப் பெண். "வேற எங்கயாவது பாத்துக்குங்க."

தேனாம்பேட்டையில் ஒரு லேடி டாக்டரிடம் போனார்கள். பரிசோதனைக் கட்டில் உயரமாக இருந்தது. ஏற்றிவிட ஆள் இல்லை என்பதால் டாக்டர் புடவையின் மேலாகவே அழுத்திப் பார்த்தார். "கொழுப்புக் கட்டி மாதிரிதான் தெரியுது. எதுக்கும் மேமோகிராம் எடுத்துட்டு வந்துடுங்க."

முதல் பாதியை மட்டும்தான் ஸ்ரீகிருஷ்ணா வீட்டுக்கு எடுத்து வந்தான். "கொழுப்புக் கட்டின்னு டாக்டரே சொல்லிட்டா அக்கா. நீ பாட்டுக்கு எதையாவது நினைச்சுண்டு உக்காராதே."

அவள் விடவில்லை. பல சென்டர்களுக்கு போன் போட்டுக் கேட்டாள். நிற்க முடியாது என்றதும் போனை வைத்தார்கள். தி.நகரில் ஒரு இடத்தில் மட்டும், வாங்க, பார்க்கலாம் என்றார்கள். தம்பி ஆபீஸுக்குப் போனபின், வீட்டு வேலை செய்கிற பெண்ணை வைத்துப் படியிறங்கி, டாக்ஸிக்குச் சொன்னாள். முதலில் வந்தவர் டிக்கியைத் திறந்து காட்டினார். கேஸ் சிலிண்டர்தான் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. "நாற்காலி எங்க வைக்கிறதும்மா?" அடுத்து வந்தவர் அவளைப் பார்த்ததுமே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். வெயில் ஏறும்வரை தெருவில் காத்திருந்துவிட்டு உள்ளே வந்தாள். சாயங்காலம் விஷயம் தெரிந்து ஸ்ரீகிருஷ்ணா சத்தம் போட்டான். "தெருவே பாத்துண்டிருக்கு. எங்களை என்னன்னு நினைப்பா?"

மழைக்காலம் வந்து போயிற்று. மார்புத் தோல் ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரி சொரசொரத்து, பிறகு ஒரு இடத்தில் உடைந்து கசிய ஆரம்பித்தது. பின்னறையைத் தாண்டும்போது மாளவிகா மூக்கைப் பொத்திக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் ஸ்ரீகிருஷ்ணாவுக்கு லீவு கிடைத்தது.

திருவான்மியூரைத் தாண்டி ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அங்கே மேமோகிராம் எடுத்த அம்மாள் நாற்காலியின் கைப்பிடி இரண்டையும் கழற்றிக் கீழே வைத்தார். ஒரு பொத்தானை அழுத்தினார். மெஷின் மெதுவாக இறங்கி நீரஜாவின் மார்புக்கு நேராக வந்து நின்றது.

"இந்த மெஷின் மட்டும்தான் இப்படி இறங்குமா?" என்று கேட்டாள் நீரஜா.

"அனேகமா எல்லா மெஷினும் இறங்கும்மா. கொஞ்சம் மெனக்கெடணும், அவ்வளவுதான்."

படங்களையும், பிறகு வந்த பயாப்ஸி ரிப்போர்ட்டையும் பார்த்துவிட்டு டாக்டர் நேராக நீரஜாவைப் பார்த்தார். "படிச்சவங்களா இருக்கீங்க. இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

இத்தனை மாதத்தில் ஒரு டாக்டர் அவளைக் கேட்ட முதல் கேள்வி அதுதான். அவள் வாயெடுப்பதற்குள் ஸ்ரீகிருஷ்ணா பதில் சொல்லிவிட்டான். "சொன்னா எங்கே கேக்கறா டாக்டர்? ஆஸ்பத்திரின்னாலே பயம்."

"நான் வந்தேன் டாக்டர். நிக்க முடியலைன்னு திருப்பி அனுப்பிட்டா," என்றாள் நீரஜா.

டாக்டர் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தார். முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்க வேண்டும், அப்புறம் ஆபரேஷன் என்றார். தாமதம்தான், ஆனாலும் செய்து பார்க்கலாம்.

"இவ இருக்கற நிலைமைக்கு அதெல்லாம் அவசியமா டாக்டர்?" என்றான் ஸ்ரீகிருஷ்ணா.

டாக்டர் அவளுடைய கால்களைப் பார்த்தார். "அதுவும் யோசிக்க வேண்டியதுதான். வலிக்கு மாத்திரை மட்டும் கொடுத்துக்கூடப் பாத்துக்கலாம். குடும்பமா பேசிச் சொல்லுங்க."

"எனக்கு ஆபரேஷன் வேணும்," என்றாள் நீரஜா.

"பேசிச் சொல்லுங்க," என்றார் டாக்டர், ஸ்ரீகிருஷ்ணாவைப் பார்த்து.

வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு அவன் மட்டும் இறங்கினான். நாற்காலி டிக்கியில் இருந்தது. மாளவிகா கேட்டுக்கு வந்தாள். "என்ன சொன்னார்?"

"ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டார்," என்றான்.

கண்ணாடி பாதி இறங்கியிருந்ததால் நீரஜாவுக்குக் காதில் விழுந்தது. அவள் போனை எடுத்து ஆஸ்பத்திரிக்கே பேசினாள். கீமோவுக்கு நாள் கேட்டாள்.

"கூட யார் வருவாங்க மேடம்? அட்டெண்டர் இல்லாம அட்மிஷன் போட மாட்டோம்."

"நான் பணம் கட்டிடறேன். தனியா வரக்கூடாதா?"

"சொந்தக்காரங்க ஒருத்தர் கண்டிப்பா இருக்கணும் மேடம்."

கேட்டுப் பக்கத்தில் இருவரும் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். வேறு பெயர் எதுவும் அவளிடம் இல்லை. "தம்பி வருவான்," என்று சொல்லி அவன் நம்பரைக் கொடுத்தாள்.

நாள் குறித்துக் கொடுத்தார்கள். அன்றைக்கு ஸ்ரீகிருஷ்ணாவுக்கு ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை. இன்னொரு நாள் கொடுத்தார்கள். அதற்கு முந்தின நாள் ஆஸ்பத்திரியிலிருந்து அவனுக்கு போன் வந்தது. நீரஜா பின்னறையில் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அவங்களுக்கே வேண்டாம்னு இருக்கு," என்று ஸ்ரீகிருஷ்ணா கூடத்தில் நின்றபடி மெதுவாகச் சொன்னான். "எங்களால வற்புறுத்த முடியல."